அத்தைக்கு ஒரு தனி அடுப்பு

பத்தாம் வகுப்பில் 'விண்ணப்பம் எழுதுக' என்ற கேள்விக்கு ஒவ்வொரு தேர்விலும் ஐந்துக்கு ஐந்து வாங்கியது யார் என்று உங்களுக்கு நினைவிருக்கும். தெருவிளக்கு எரியவில்லை, குடிநீர்க் குழாய் உடைந்திருக்கிறது, ஊருக்கு நூலகம் வேண்டும் என்று நாம் எல்லோரும் இல்லாத முகவரிக்கு எழுதிக்கொண்டிருந்த அந்த வருஷத்தில், நான் உண்மையான முகவரி ஒன்றுக்கும் ஒரு மனு எழுதினேன். அதை உங்களிடம் சொன்னதில்லை. இப்போது நாம் வேலைக்கும் கல்லூரிக்குமாகப் பிரிந்துவிட்டோம். நம்மில் இரண்டு பேருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. இனிச் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

எங்கள் வீட்டுக்கு உங்களில் சிலர் வந்திருக்கிறீர்கள். மம்சாபுரத்துக்கு வெளியே, தென்னந்தோப்புகளுக்குப் போகிற மண்பாதையில் கடைசி வீடு. ஒரே அறை. முன்னால் தகரம் இறக்கிய சமையல் இடம். பின்னால் ஆடு கட்டுகிற ஓலைக் கொட்டகை. அப்பாவுக்குத் தோப்புகளில் தேங்காய் உரிக்கிற வேலை. அம்மா இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்குப் போனாள். வீட்டைப் பார்த்துக்கொண்டது அத்தை, அப்பாவின் அக்கா.

அத்தை எங்களோடு இருந்தாள் என்று சொல்வது சரியாக இருக்காது. நாங்கள்தான் அத்தையோடு இருந்தோம். மில் வேன் வருவதற்குள் அம்மாவின் தூக்குவாளியில் சோறு இருக்கும். அப்பா எந்தத் தோப்பில் இருந்தாலும் மதியத்துக்குச் சோறு போய்ச் சேரும். ஷிப்ட் முடிந்து வருகிற அம்மாவின் தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். அத்தை அவளைத் தன் முன்னால் உட்கார வைத்து, பேன் பார்ப்பது போல ஒவ்வொரு இழையாக எடுத்துவிடுவாள். மாங்காய்க் காலத்தில் காற்றில் விழுந்த சப்பட்டைக் காய்களைப் பொறுக்கிவந்து, புளியில்லாமல் அந்தப் புளிப்பிலேயே ஒரு குழம்பு வைப்பாள். பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது பாதை முனையிலேயே அதன் வாசம் வந்துவிடும். எனக்குப் பசியே அங்கேதான் தொடங்கும்.

அத்தையின் வீட்டுக்காரர் கேரளாவுக்குத் தார் ரோடு வேலைக்குப் போனவர். நான் பிறப்பதற்கு முன்பே போனவர். யாராவது கேட்டால் அத்தை, "அவிய வேலைக்குப் போயிருக்காக" என்பாள். ஏதோ காலையில் போனவர் சாயங்காலம் திரும்பிவிடுவார் என்பது மாதிரி. அவருக்கு அங்கே வேறு குடும்பம் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். அத்தைக்கும் தெரியும். ஆனால் அத்தையின் முகத்துக்கு நேராக ஒருவர்கூட அதைச் சொன்னதில்லை. காலில் மெட்டி இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரன்று கழுத்துக் கயிற்றை மாற்றிக்கொள்வாள். பழைய கயிற்றை என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது.

அந்த வருஷம்தான் அம்மாவுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வரத் தொடங்கியது. குடும்பத் தலைவிகளுக்கு அரசு தருகிற பணம். செல்போனில் வந்த செய்தியை நான்தான் வாசித்துச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. எழுத்து என்று எது வீட்டுக்குள் வந்தாலும் என்னைத் தாண்டித்தான் வரவேண்டும். எனக்கு அதில் பெருமை இருந்தது. இப்போதும் இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை.

பணம் எடுக்க அம்மாவும் அத்தையும் நானும் பாய் கடைக்குப் போனோம். ரீசார்ஜ் கடைதான், விரல் வைத்தால் வங்கிப் பணம் தருகிற கருவியும் வைத்திருந்தார். அம்மாவின் கட்டைவிரலைக் கருவி ஏற்கவில்லை.

"என்னத்தா, மில்லுல நூலோட சேத்து ரேகையையும் ஓட்டி விட்டுட்டியா?" என்றார் பாய். "வேற விரல வையி. பத்து இருக்குல்ல, ஒண்ணாச்சும் நீதான்னு சொல்லும்."

இடது கை மோதிர விரல் சொன்னது. இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை அம்மா முந்தானையில் முடிந்தாள். அத்தை அவளை மேலும் கீழும் பார்த்து, "தலைவியம்மா, பஸ்ஸுல போவமா, நடந்தே போவமா? உத்தரவு போடுங்க" என்றாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாங்கள் நடந்தேதான் வந்தோம்.

ஆயிரம் ரூபாயில் என்ன மாறிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் 'எதுக்கு?' என்ற சொல் குறைந்தது. அம்மாவின் மில் சம்பளம் வந்த அன்றே வாரக் கடனுக்குப் போய்விடும். மற்றபடி எது வேண்டுமானாலும் அப்பாவிடம்தான் கேட்கவேண்டும். அவரும் கெட்டவர் இல்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் 'எதுக்கு?' என்பார். இப்போது அம்மா கேட்காமலே முட்டி வலிக்கு மாத்திரை வாங்கினாள். எனக்குக் கணக்கு கைடு வாங்கினாள். கடையில் நாப்கின் வாங்க அப்பாவிடம் பொய்க் காரணம் சொல்லவேண்டிய தேவை எனக்கு இல்லாமல் போயிற்று. புதன்கிழமைகளில் ஆளுக்கொரு முட்டை. அம்மா பேசும் குரலே கொஞ்சம் உயர்ந்தது.

இரண்டாம் மாதம் அம்மா அத்தையிடம் ஐம்பது ரூபாய் நீட்டி, "மதினி, வெத்தலைக்கு வச்சுக்கிடுங்க" என்றாள். அன்போடுதான் சொன்னாள். அதுவரை அத்தைக்கு வெற்றிலைக்குக் காசு வேண்டுமென்றால், கொடியில் தொங்குகிற அப்பாவின் சட்டைப் பையில் கையை விட்டு எடுப்பாள். யாரிடமும் கேட்டதில்லை, யாரும் கொடுத்ததுமில்லை. அத்தை அந்தத் தாளை வாங்கி அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் வைத்தாள். பல நாள் அது அங்கேயே கிடந்தது. வெற்றிலை போடுவதையும் அத்தை குறைத்துக்கொண்டாள். கையில் ஒன்றும் இல்லாத இரண்டு பெண்களாக இருந்தவரை அவர்கள் இருவரும் சமமாக இருந்தார்கள் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அன்று, அத்தைக்குப் பல்வலி என்று நினைத்தேன்.

'தலைவியம்மா' என்ற கேலி மட்டும் தொடர்ந்தது. "தலைவி சாப்பிட்டாச்சா? தலைவிக்குக் கட்டில் போடவா?" முதலில் எல்லோரும் சிரித்தோம். பிறகு அம்மா சிரிப்பதை நிறுத்தினாள்.

யோசனை அப்பாவுடையது. ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு பெண்ணுக்குத்தான் பணம். அத்தையின் பெயர் எங்கள் கார்டில் இருந்தது. அதை எடுத்துத் தனிக் கார்டு வாங்கிவிட்டால், மறுபடி ஆள் சேர்க்கும்போது அத்தைக்கும் ஆயிரம் கிடைக்குமே என்று பாய் கடையில் பேசிவிட்டு வந்தார்.

"தனிக் கார்டுன்னா தனி அடுப்பு இருக்கணுமாம். வந்து பாப்பாகளாம்" என்றார்.

"மதினி மனசுல என்ன நெனைப்பாக?" என்றாள் அம்மா மெதுவாக.

அத்தை காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "இதுல நெனைக்க என்ன இருக்கு? கொட்டகைல ஒரு அடுப்பப் போட்டாப் போச்சு. நானும் ஒரு தலைவி ஆயிட்டுப் போறேன்."

எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்று சிரிக்காத ஆள் வீட்டில் இல்லை.

ஆடுகளை வேப்பமரத்தடிக்கு மாற்றினோம். அத்தையே கண்மாய்க் கரம்பை மண்ணை மிதித்து, வைக்கோல் நறுக்கிப் போட்டு, ஒற்றை அடுப்பு ஒன்றைப் போட்டாள். காய்ந்ததும் அப்பா சுற்றி வந்து பார்த்தார்.

"ரொம்பப் புதுசாத் தெரியுதுக்கா. பாத்தவுடனே கண்டுபிடிச்சிருவாக. கரி பிடிக்கணும்."

அதனால் ஒரு வாரம், கரி பிடிப்பதற்காக, அத்தை அதில் எரித்தாள். தேங்காய் மட்டை, பாளை, காய்ந்த ஓலை, எல்லாம். சும்மா எரிப்பானேன் என்று மேலே ஒரு சின்னப் பானையும் ஏறியது. அந்த ஒரு வாரம் எனக்குத் திருவிழா. பள்ளி விட்டு வந்ததும் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்துகொள்வேன். கண்ணெல்லாம் எரியும். சாம்பலில் சீனிக்கிழங்கு புதைத்துச் சுட்டுத் தருவாள். ஆட்டுப் புழுக்கை வாசமும் புகையும் வெந்த கிழங்கின் இனிப்பும் கலந்த அந்தக் காற்றை வேறெங்கும் நான் முகர்ந்ததில்லை. "பொய்யடுப்புச் சோறு திங்கியாட்டி மருமகளே?" என்று கேட்டு, உள்ளங்கையில் ஒரு உருண்டை வைப்பாள்.

மனுவை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எழுதினேன். அப்பா சொன்னது இவ்வளவுதான்: "அக்கா தனியா இருக்கா, தனியாப் பொங்கித் திங்கா, கார்டு வேணும்னு எழுது. அம்புட்டுதான்."

எனக்கு அம்புட்டுதான் போதவில்லை. விண்ணப்பத்தில் காரணம் அழுத்தமாக இருக்கவேண்டும் என்று வகுப்பில் படித்திருந்தேன். கோடு போட்ட முழுத் தாள் எடுத்து, ஓரம் மடித்து, இப்படி எழுதினேன்: 'பல ஆண்டுகளுக்கு முன் கணவரால் கைவிடப்பட்ட நான், உடன்பிறந்த தம்பி வீட்டிலும் உணவோ ஆதரவோ இன்றி, தனியே சமைத்து உண்டு வாழ்ந்து வருகிறேன். எனக்கென்று யாரும் இல்லை.'

கடைசி வாக்கியத்தை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. அப்படிக் கலங்கியது எனக்குப் பிடித்திருந்தது. உரக்க வாசித்துக் காட்டியிருந்தால் அப்பா அடித்திருப்பார். அவர் கேட்கவில்லை, நானும் வாசிக்கவில்லை.

"என்னட்டி இவ்வளவு எழுதிருக்க? ஒரு கார்டுக்கா?" என்றாள் அத்தை.

"அப்படித்தான் எழுதணும் அத்த."

அவள் எழுத்தின் மேல் ஒரு விரலை மெல்ல ஓட்டினாள். "கோலம் போட்டாப்புல இருக்கு" என்று சொல்லிவிட்டு, மை தொட்டுக் கைநாட்டு வைத்தாள்.

விசாரணைக்கு வந்தது ஒரு அதிகாரி அம்மா. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஸ்கூட்டரில், தோளில் பையோடு, வெயிலில் முகம் சிவந்து வந்தார். நல்லவர். வந்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்தார். கொட்டகைக்குள் குனிந்து அடுப்பைப் பார்த்தார், கரியையும் பார்த்தார். பிறகு வெளியே நின்று, சரிபார்ப்பதற்காக, மனுவை எடுத்து உரக்க வாசித்தார். நிறுத்தி நிறுத்தி, தெளிவாக வாசித்தார். என் வாக்கியங்கள் வேறொருவர் குரலில் எவ்வளவு நன்றாக இருக்கின்றன என்று முதல் இரண்டு வரிக்கு நான் நினைத்துக்கொண்டிருந்தேன். 'கணவரால் கைவிடப்பட்ட' என்ற இடம் வந்ததும் அத்தையின் கால்விரல்கள் மண்ணில் மடங்கின. அதைப் பார்த்த பிறகு நான் நிமிரவில்லை.

'எனக்கென்று யாரும் இல்லை' என்று வாசித்து முடித்துவிட்டு அந்த அம்மா கேட்டார்: "இதெல்லாம் உண்மைதானம்மா?"

வேப்பமரத்தடியில் ஆடு இலை கடிக்கும் சத்தம் கேட்டது. அப்பா கழுத்துத் துண்டை எடுத்து, மடித்து, மறுபடி விரித்தார். அத்தை முதலில் அப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவை. என்னைப் பார்க்கவில்லை.

"ஆமாம்மா" என்றாள். "எழுதியிருக்கதெல்லாம் நெசந்தான்."

"உங்க வீட்டுக்காரர் போய் எத்தனை வருஷம் இருக்கும்?"

"பதினேழு வருசமும் நாலு மாசமும்."

இதைச் சொல்ல அத்தை யோசிக்கவே இல்லை.

ஸ்கூட்டர் பாதை திரும்பியதும் அப்பா, "நல்லாச் சொன்னக்கா, நான்கூட பயந்துக்கிட்டே இருந்தேன்" என்றார். அத்தை கொட்டகைக்குள் போனாள். மதியம் தட்டுகளை எடுத்துவைத்துவிட்டு அம்மா கூப்பிட்டாள்.

"வாங்க மதினி, சாப்பிடலாம்."

"எனக்கு இங்க வெந்திருச்சுத்தா. நீங்க சாப்பிடுங்க."

பக்கத்து வீடுகளில் விசாரிக்க வந்தாலும் வருவார்கள், கார்டு வரும்வரை அங்கேயே இருப்பதும் நல்லதுதான் என்றார் அப்பா. நாங்களும் நம்பினோம். அந்த வாரத்தில் ஒருநாள் தண்ணீர்த் தொட்டியருகே அத்தை உட்கார்ந்து, சோப்புப் போட்டு, கால்விரல்களிலிருந்து மெட்டிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். இரண்டாம் விரலில் தோல் வெளுத்து வளையமாகத் தெரிந்தது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவள் 'அவிய வேலைக்குப் போயிருக்காக' என்று சொல்லி அதன் பிறகு நான் கேட்டதில்லை.

கார்டு வர ஒன்பது மாதம் ஆயிற்று. அதில் அத்தை மட்டும். எங்கள் கார்டிலிருந்து அவள் பெயர் போனது; எங்கள் அரிசியும் அந்த அளவுக்குக் குறைந்தது. ரேஷன் கடையில் அத்தை தன் பையைப் பிடித்துக்கொண்டு தனியாக வரிசையில் நிற்பாள். அம்மா நாலு ஆள் பின்னால் நிற்பாள். இருவரும் பேசிக்கொள்வார்கள், சண்டை என்று ஒன்று இல்லவே இல்லை. அதனால்தான் சமாதானம் செய்யவும் யாருக்கும் வழி தெரியவில்லை.

வீட்டில் சமையல் அம்மா தலையிலும் என் தலையிலும் விழுந்தது. நான் வைத்த குழம்பில் உப்பு இருந்தால் புளி இருக்காது. அப்பா சில நாள் சோறே கொண்டுபோகாமல் தோப்புக்குப் போனார். அம்மாவின் தலையில் பஞ்சு ஒட்டியபடியே இருந்தது. எனக்குப் பொதுத்தேர்வு நெருங்கியது. கொட்டகையிலிருந்து வருகிற தாளிப்பு வாசம் எங்கள் சுவரைத் தாண்டி வரும். மூன்று பேரும் அந்த வாசத்தோடு எங்கள் குழம்பைச் சாப்பிடுவோம்.

ஒருநாள் பொறுக்காமல் கொட்டகைக்குப் போனேன்.

"அத்த, நான் மார்க்குக்கு எழுதுற மாதிரி எழுதிட்டேன். அதெல்லாம் பொய்யி."

அத்தை ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "பொய்யின்னா அந்தம்மா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாகல்ல?"

"அப்பா சொல்லல, அம்மா சொல்லல. நானாத்தான் எழுதினேன்."

"தெரியும்ட்டி. அவங்களுக்கு அப்படியெல்லாம் சொல்ல வராது." ஒரு மட்டையை அடுப்புக்குள் தள்ளினாள். "எனக்குக் கோவம் இல்ல. அம்புட்டு வருசம் எல்லாரும் வாய்க்குள்ளயே வச்சிருந்தத நீ எழுத்துல வச்ச. கேட்டதும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. பொறவு யோசிச்சேன், சரியாத்தான எழுதிருக்கா பிள்ள. போயிப் படி. புகை கண்ணுக்கு ஆகாது."

அவள் திட்டியிருந்தால் நான் அழுதுவிட்டு மறந்திருப்பேன்.

பணம் வந்தது அதற்கும் வெகுநாள் கழித்து, மறுபடி பெயர் சேர்த்தபோது. அதுவரை அத்தை நூறு நாள் வேலைக்குப் போனாள், தோப்பில் மட்டை பொறுக்கினாள், எங்களிடம் ஒரு படி அரிசி கேட்கவில்லை. முதல் ஆயிரத்தை எடுக்க அவளே பாய் கடைக்குப் போனாள். முதல் விரலிலேயே வந்துவிட்டதாம். "அத்தை ரேகைய அழிய விடாம வச்சிருக்காக" என்று பாய் என்னிடம் சொன்னார். சாயங்காலம் அப்பா கொட்டகை வாசலில் போய் நின்றார்.

"அக்கா, பிள்ள காலேஜுப் பீசுக்கு... அந்த ஆயிரத்த..."

"பிள்ளைக்குத் தாரேன். கேக்கணுமா? ஆனா மொத்தமாக் கேக்காதலே. எனக்கும் ஒரு வீடு இருக்கில்ல."

பாதியைக் கொடுத்தாள். அப்பா அதை வாங்கிக்கொண்டு வந்து, சட்டைப் பையில் வைக்காமல், கையிலேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

இப்போது எனக்கும் மாதம் ஆயிரம் வருகிறது, கல்லூரிக்குப் போகிற பெண் என்பதால். மூன்று பெண்களின் கணக்கிலும் பணம். அது இல்லாமல் நான் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறியிருக்க முடியாது. அம்மா மாத்திரை விழுங்கியிருக்க முடியாது. அத்தையும் தன் கொட்டகைக்குத் தகரம் போட்டிருக்க முடியாது. அந்தப் பணத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. அது எதையும் உடைக்கவில்லை. என் மனுதான் உடைத்தது என்று சொல்லலாம். ஆனால் மனுவில் இருந்தது எங்கிருந்து எனக்கு வந்தது என்று யோசித்தால், அந்த வீட்டிலேயே அது யாரும் சொல்லாமல் இருந்திருக்கிறது. அத்தைக்கு அந்தக் கொட்டகை பிடித்திருக்கிறதா, இல்லை தாங்கிக்கொண்டிருக்கிறாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கத் துணிவில்லை.

போன சித்திரையில் மலைப்பக்கமிருந்து கோடை மழை அடித்தது. புதுத் தகரத்தைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது. மழை விட்டுப் பார்த்தால் கொட்டகைக்குள் கணுக்கால் தண்ணீர். அடுப்பு கரைந்து வெறும் சேறாகக் கிடந்தது. அத்தை நனைந்த சேலையோடு, பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நின்றாள். அம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். அத்தை மறுக்கவில்லை.

அம்மா அன்று மாங்காய்க் குழம்புதான் வைத்திருந்தாள். நாலு தட்டு எடுத்துவைத்தாள். அப்பா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். முன்பு அத்தை அடுத்தவர் சமையலைச் சாப்பிட்டதே அபூர்வம், சாப்பிட்டாலும் முதல் வாயிலேயே, "ஏத்தா, இது குழம்பா கழனித் தண்ணியா?" என்பாள். அம்மாவும், "ஆக்கிப் போட்டா ஆயிரம் நொட்டை" என்பாள். சாப்பாட்டைப் பற்றி எங்கள் வீட்டு ஆட்கள் அப்படித்தான் பேசிக்கொள்வோம்.

அத்தை பிசைந்து ஒரு வாய் வைத்தாள். எல்லோரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"குழம்பு நல்லா இருக்குத்தா" என்றாள்.

அம்மா கரண்டியைப் பிடித்தபடியே நின்றாள். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கிடுங்க மதினி."

"போதும்த்தா. வயிறு நெறஞ்சிருச்சு."

தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தாள். ஈரச் சேலையை உதறிக்கொண்டு வாசலுக்குப் போனாள். கொட்டகை அங்கிருந்து பத்து எட்டு தூரம். வாசலில் நின்று எங்கள் மூன்று பேரையும் பொதுவாகப் பார்த்து, "சரி, போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.